காற்றைச் சூடாக்கிய கேஸ் கம்பெனிக்காரர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த விஷயத்தில் என்னைவிட அனுபவசாலிகள் நம் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை அவர்களுக்கே விட்டுவிட்டு, பன்னிரண்டு வருஷமாக உலைக்குப் பக்கத்தில் நின்று சம்பளம் வாங்குபவன் என்ற முறையில், என் தொழிலுக்குப் பெரிய உபகாரம் செய்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

ஜேம்ஸ் போமான்ட் நீல்சன். நம் பாடப்புத்தகத்தில் இவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. 1828-ல் ஹாட் பிளாஸ்ட் முறையைக் கண்டுபிடித்தவர், அவ்வளவுதான். பரீட்சையில் இரண்டு மார்க். நானும் அதை எழுதி இரண்டு மார்க் வாங்கியவன்தான். வேலைக்குப் போய் ஒரு தப்புச் செய்த பிறகுதான் இவரைத் தேடிப் படித்தேன். அந்தத் தப்பைக் கடைசியில் சொல்கிறேன்.

பதினாலு வயதுக்குள் முடிந்த படிப்பு

நீல்சன் 1792-ம் வருஷம் ஜூன் 22-ந் தேதி ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகருக்கு அருகே ஷெட்டில்ஸ்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் நீராவி இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். பெரிய வருமானம் ஒன்றும் இல்லை. பதினாலு வயது ஆவதற்கு முன்பே பையன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அப்பாவோடு இயந்திரத்துக்குக் கைவேலை செய்யப் போய்விட்டான். பிறகு அண்ணன் ஜானிடம் தொழில் பழகினார். இருபத்திரண்டாவது வயதில், அதாவது 1814-ல், இர்வின் என்ற ஊரில் ஒரு சுரங்கத்தில் இயந்திரங்களுக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். அங்கேயே கல்யாணமும் ஆயிற்று. கொஞ்ச காலத்தில் அந்த முதலாளி நொடித்துப்போக, நீல்சனுக்கு வேலை போயிற்று.

1817-ல் கிளாஸ்கோவில் தெருவிளக்குக்கும் வீட்டு விளக்குக்கும் நிலக்கரி வாயு தரும் கேஸ் கம்பெனி புதிதாகத் தொடங்கியது. அதில் ஃபோர்மன் வேலை கிடைத்தது. வயது 25. கேஸ் தயாரிப்பைப் பற்றி அவருக்கு அப்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. ஊருக்கே அது புதுத் தொழில். ஐந்து வருஷத்தில் அதே கம்பெனியின் மேனேஜராகவும் என்ஜினீயராகவும் உயர்ந்து, மொத்தம் 30 வருஷம் அங்கேயே இருந்தார்.

இடையில் அவர் செய்த காரியம்தான் முக்கியம். பள்ளிக்கூடத்தில் விட்டதைப் பிடிக்க, வேலைக்கு நடுவே ஆண்டர்சன் கல்லூரியில் பௌதிகமும் ரசாயனமும் படித்தார். தான் படித்தது போதாது என்று தன் தொழிலாளிகளையும் இழுத்தார். அவர்களில் பலர் மலைநாட்டிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம். 1821-ல் அவர்களுக்காகவே ஒரு சங்கம் ஆரம்பித்தார். நூலகம், பேச்சு நடத்த ஓர் அறை, பிறகு சிறிய சோதனைச்சாலை, பட்டறை என்று அது வளர்ந்தது. தொழிலாளிகளே சந்தா போட்டு, தொழிலாளிகளே நிர்வாகம் செய்து, தங்களுக்குள் மாறி மாறிப் பாடமும் நடத்திக்கொண்டார்கள். நம் சங்கத்துக்கு ஒரு முன்னோடி என்றே சொல்லலாம்.

கேஸ் விளக்கில் சுடர் மீன் வால் மாதிரி விரிந்து எரிய ஒரு பர்னரையும் நீல்சன் செய்தார். எரிகிற சுடர், அதற்குப் போகும் காற்று - இந்த இரண்டையும் தினமும் பார்த்துப் பழகிய கண் அவருடையது.

குளிரா, ஈரமா?

1820-களின் நடுவில் ஓர் இரும்பாலை முதலாளி நீல்சனிடம் ஒரு யோசனை கேட்டு வந்தார். ஊது உலைகள் எல்லாமே குளிர்காலத்தில் நன்றாக ஓடுகின்றன, கோடையில் இரும்பின் அளவும் குறைகிறது, தரமும் குறைகிறது. கோடைக் காற்றில் கந்தகம் இருப்பதால்தான் இப்படி என்பது அவர் எண்ணம். கேஸைச் சுத்தம் செய்கிற மாதிரி உலைக்குப் போகும் காற்றையும் சுத்தம் செய்ய முடியுமா என்பது கேள்வி.

அன்றைய இரும்புக்காரர்களில் பெரும்பாலோர் வேறு மாதிரி நினைத்தார்கள். குளிர்காலத்தில் உலை நன்றாக ஓடுகிறதா? அப்படியென்றால் குளிர்ந்த காற்றுதான் உலைக்கு நல்லது! இதை நம்பி, காற்றைத் தண்ணீரின் மேல் ஓடவிட்டுக் குளிர வைத்தவர்கள் உண்டு. வெயில் சூடு ஏறாமல் இருக்கக் காற்றுத் தொட்டிக்கு வெள்ளை பூசியவர்கள் உண்டு. காற்றுக் குழாயைச் சுற்றி ஐஸ் வைத்தவர்களும் உண்டு. இவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. பார்த்தது நூற்றுக்கு நூறு சரி. காரணம்தான் தப்பு. கோடைக் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் உலைக்குள் போனால், எரிகிற கோக்கோடு சேர்ந்து பிரிவதற்கே நிறைய வெப்பத்தைத் தின்றுவிடும். தவிர, கோடைக் காற்று விரிந்திருப்பதால், இயந்திரம் ஒரு தடவை ஊதும்போது உள்ளே போகும் ஆக்ஸிஜனும் குறைவு. நீல்சன் இந்த வழியில்தான் யோசித்தார். ஈரத்தின் பங்கு எவ்வளவு பெரியது என்பதை 1904-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கேலி என்பவர், காற்றின் ஈரத்தை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு உலைக்குள் ஊதி நிரூபித்தார்.

அதே சமயத்தில் இன்னொரு பிரச்னையும் நீல்சனிடம் வந்தது. மியூர்கர்க் இரும்பாலையில் ஓர் உலை, ஊதும் இயந்திரத்திலிருந்து அரை மைல் தள்ளி இருந்தது. அவ்வளவு தூரம் குழாயில் வருவதற்குள் காற்றின் வேகம் செத்துவிடுகிறது. உலைக்குப் பக்கத்தில் காற்றைச் சூடாக்கினால் அது விரிந்து அளவு கூடும், குறை தீரும் என்று நீல்சன் கணக்குப் போட்டார்.

கவனியுங்கள், இந்தக் கணக்கும் அவ்வளவு சரி இல்லை! காற்று விரிந்தால் அதிலுள்ள ஆக்ஸிஜன் கூடிவிடாது. ஆனால் நீல்சன் கணக்கோடு நிற்கவில்லை. கேஸ் விளக்கைச் சுற்றிச் சூடான காற்றை விட்டுப் பார்த்தார், வெளிச்சம் கூடியது. கொல்லன் உலையில் சூடான காற்றை ஊதிப் பார்த்தார், நெருப்பு முன்னைவிட உக்கிரமாக எரிந்தது. அளவு கூடுவதில் விஷயம் இல்லை, சூட்டில்தான் விஷயம் என்பது அந்தக் கொல்லன் பட்டறையில் தெரிந்துபோயிற்று.

ஏன் அப்படி? நம் வீட்டு அடுப்பிலேயே பதில் இருக்கிறது. கொதிக்கிற உலையில் தண்ணீர் குறைந்தால் பச்சைத் தண்ணீரை ஊற்ற மாட்டார்கள். கொதி அடங்கிவிடும். வெந்நீர்தான் ஊற்றுவார்கள். ஊது உலையிலும் அதே கதைதான். ஒரு டன் இரும்புக்கு டன் கணக்கில் காற்று உள்ளே போகிறது. அது குளிர்ந்து போனால், இரும்பை உருக்க வேண்டிய கோக் முதலில் அந்தக் காற்றைச் சூடாக்கியாக வேண்டும். அந்தச் சூட்டை வெளியிலேயே மலிவான கரித்தூளை எரித்துக் கொடுத்துவிட்டால், உள்ளே சுடரின் வெப்பநிலை ஏறும். கோக் குறையும். கோக் குறைந்தால் மேலே புகைவாய் வழியாக வீணாகும் வெப்பமும் குறையும். லாபத்துக்கு மேல் லாபம்.

உலையைத் தொட விடவில்லை

சொன்னால் யார் கேட்கிறார்கள்? விளக்குக்குக் கேஸ் காய்ச்சுகிற ஆள் வந்து, பரம்பரை இரும்புக்காரர்களுக்குப் பாடம் சொல்வதா? அதுவும் அவர்கள் நம்பியதற்கு நேர் எதிராக? நன்றாக ஓடும் உலையில் கைவைக்க யாருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் கிளைட் இரும்பாலையில் சோதனைக்கு இடம் கிடைத்தது. 1828 செப்டம்பரில் காப்புரிமை பதிவாயிற்று. பணம் போட்ட கூட்டாளிகளில் ஒருவர், மழைக்கோட்டுக்குத் தன் பெயரைக் கொடுத்த சார்லஸ் மெக்கின்டாஷ்.

கிளைட் ஆலைக் கணக்கைப் பாருங்கள். 1829-ன் முதல் ஆறு மாதத்தில், குளிர்ந்த காற்றில், 1 டன் இரும்புக்குச் செலவான நிலக்கரி 8 டன்னுக்குச் சற்று அதிகம். அடுத்த வருஷம் அதே ஆறு மாதத்தில், காற்றை 300 டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்கியபோது, 5 டன்னுக்குச் சற்று அதிகம். 1833-ல் சூடு 600 டிகிரிக்குப் போயிற்று. நிலக்கரியைக் கோக் ஆக்காமல் அப்படியே போட முடிந்தது. செலவு சுமார் 2¼ டன். காற்றைச் சூடாக்கிய கரியைச் சேர்த்தாலும் 3 டன்னைத் தாண்டவில்லை.

இது ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் வைத்தது தேனிரும்புத் தகட்டில் செய்த ஒரு சாதாரணப் பெட்டி. பிறகு வார்ப்பிரும்புக் குழாய்கள். சூட்டில் விரிந்து, சுருங்கி, இணைப்புகள் விட்டுப்போகும். மறுபடி மாற்றுவார்கள். உலைக்குள் காற்று நுழையும் டூயர் மூக்கும் சூடு தாங்காமல் உருகியது. ஜான் காண்டி என்பவர் சுருள் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு அதற்கு வழி கண்டார். இன்றைக்கும் டூயருக்குத் தண்ணீர்தான் காவல்.

அதுவரை லாபமாக உருக்க முடியாமல் கிடந்த பிளாக்பேண்ட் என்ற ஸ்காட்லாந்துத் தாதுவுக்கு இதனால் விடிவு காலம் பிறந்தது. 1830-ல் ஸ்காட்லாந்தின் உற்பத்தி வருஷத்துக்கு 40 ஆயிரம் டன்னுக்குள் இருந்தது. 1840-களின் நடுவில் 4½ லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது.

கோர்ட்டுப் படி

நீல்சன் கேட்டது டன்னுக்கு ஒரு ஷில்லிங். கொடுத்தவர்களும் உண்டு, பிறகு நிறுத்தியவர்களும் உண்டு. காற்றைச் சூடாக்குவது என்ன பெரிய கண்டுபிடிப்பு, எப்படிப்பட்ட பாத்திரத்தில் சூடாக்குவது என்றுகூட எழுதவில்லையே என்பது எதிர்த்தரப்பு வாதம். செய்யும் வரை நடக்காது என்றவர்கள், செய்த பிறகு இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றார்கள். இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். 1841-ல் லண்டனில் ஹார்ஃபோர்ட் வழக்கில் நீல்சன் ஜெயித்தார். 1843-ல் எடின்பரோவில், இந்த முறையால் கொழித்த கார்ட்ஷெரி பேர்ட் சகோதரர்கள் மேல் போட்ட வழக்கு பத்து நாள் நடந்தது. 11,876 பவுன் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அதற்கு முந்தின வருஷமே காப்புரிமையின் 14 வருஷக் காலம் முடிந்துவிட்டது. ஒரு தத்துவத்துக்கும் அதைப் பயன்படுத்தும் முறைக்கும் கோடு எங்கே என்ற கேள்வியில், 2012-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்கூட இந்த ஹார்ஃபோர்ட் வழக்கை எடுத்துப் பேசியிருக்கிறது.

1846-ல் ராயல் சொசைட்டி நீல்சனை உறுப்பினராக்கியது. 1847-ல் கேஸ் கம்பெனியை விட்டு ஓய்வு பெற்றார். பிறகு கிராமத்தில் நிலம் வாங்கிப் போனவர், அங்கேயும் ஊர்க்காரர்களுக்கு ஒரு படிப்பகம் வைத்தார். 1865 ஜனவரி 18-ல் காலமானார். மகன் வால்டர், கிளாஸ்கோவில் ரயில் இன்ஜின் தொழிற்சாலை நடத்தியவர். 1857-ல் எட்வர்டு கூப்பர், செங்கல் அடுக்கிய உயரமான ஸ்டவ்வுக்குக் காப்புரிமை பெற்றார். உலையிலிருந்து வரும் கழிவு வாயுவை எரித்து அந்தச் செங்கலைச் சூடாக்கி, அதன் வழியே காற்றை அனுப்பும் முறை அது. பிலாய்க்கோ விசாகப்பட்டினத்துக்கோ இண்டஸ்ட்ரியல் டூர் போகும் மாணவர்கள், ஊது உலைக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் அந்தக் கோபுரங்களைப் பார்க்கலாம். இன்றைய ஸ்டவ்களில் காற்று 1,100, 1,200 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறுகிறது.

என் தப்பு

என் முதல் வேலை ஒரு சின்ன ஃபவுண்டரியில், குப்போலா உலையில். மழைக்காலம் வந்தால் இரும்பு சூடு குறைந்து மந்தமாக வரும். வார்ப்புகள் ரிஜெக்ட் ஆகும். நான் கிராஃப் எல்லாம் போட்டு, கோக் சரியில்லை என்று ரிப்போர்ட் எழுதினேன். கோக் கொடுத்தவருக்கு ஆர்டர் நின்றது. சார்ஜிங் மேடையில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர், எட்டாவது வரை படித்தவர், என்னிடம் இரண்டு தடவை சொன்னார். கோக் ஷெட்டுக்குள் காய்ந்துதான் இருக்கிறது தம்பி, காற்று ஈரமாக இருக்கிற நாளில்தான் இப்படி ஆகிறது, பார்த்துக்கொள் என்று. நான் தலையாட்டிவிட்டுப் போய்விட்டேன். மூன்றாவது வருஷம் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. ஒரே லாரியில் வந்த கோக், மழைக்கு முன்னால் நன்றாக ஓடியிருக்கிறது, மழையில் மக்கர் செய்திருக்கிறது. அதற்குள் அந்த அண்ணன் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். கோக் கொடுத்தவரும் தொழிலை மாற்றிக்கொண்டுவிட்டார். இருவரிடமும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காற்றுக் குழாயைச் சுற்றி ஐஸ் வைத்தவர்களைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அந்த ஜாதிதான். பார்த்தது சரி, காரணம் தப்பு. நீல்சனுக்கும் முதல் கணக்கு தப்பாகத்தான் வந்தது. ஆனால் அவர் கொல்லன் உலையை மூட்டிப் பார்த்தார், நான் ரிஜிஸ்டரைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

இன்று லேபில் ரீடிங் எடுக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நாளைக்கு உங்கள் உலைக்குப் பக்கத்தில் நிற்பவர் எத்தனை படித்தவர் என்று பார்க்காதீர்கள். அவர் சொன்னதை அன்றைக்கே ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். இந்த மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அந்த அண்ணனைத் தேடி அவர் ஊருக்குப் போகப் போகிறேன். ஏழு வருஷம் தாமதம்தான்.