துறை எல்லையைத் தாண்டியவர்

நிலநடுக்கச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் ஆல்ஃபிரட் வெகனர் என் நினைவுக்கு வருகிறார். 1880-இல் பெர்லினில் பிறந்த அவர் வானியலில் முனைவர் பட்டம் பெற்றவர். வானிலை ஆய்வாளராகப் பணியாற்றியவர்.

தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் வடிவில் பொருந்துவதையும், இரண்டு கண்டங்களிலும் ஒரே வகைப் புதைபடிவங்கள் கிடைப்பதையும் ஆராய்ந்து, கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் அறிவித்தார். அவற்றை நகர்த்தும் விசை எது என்பதை அவரால் நிறுவ இயலவில்லை. அக்குறையைச் சுட்டியது நியாயம். நிலவியலாளர் அல்லர் என்பதற்காகவே சிலர் அவரைப் புறந்தள்ளியது நியாயமன்று.

1930-இல் கிரீன்லாந்துப் பனிவெளியின் நடுவிலிருந்த ஆய்வு முகாமுக்கு உணவுப்பொருள்களுடன் சென்ற வெகனர், தமது 50-ஆவது பிறந்தநாளன்று அங்கிருந்து புறப்பட்டார். கரை வந்து சேரவில்லை. மறு ஆண்டு அவரது உடல் பனிக்கடியில் கிடைத்தது.

நடுக்கடல் முகடுகளில் புதிய கடல்தரை உருவாகி விரிவது 1960-களில் தெரியவந்தபின் அவரது கருத்து மீண்டெழுந்தது. புவியின் மேலோடு தகடுகளாகப் பிரிந்து நகர்கிறது என்பதும், பெரும்பாலான நிலநடுக்கங்களும் எரிமலைகளும் அத்தகடுகளின் விளிம்புகளில் நிகழ்கின்றன என்பதும் இன்று பள்ளிப் பாடம்.

பொருளியல் ஆய்வேடுகளை மதிப்பிட்ட காலத்தில், கருத்தை எடைபோடும் முன்பே மாணவர் எந்தத் துறையிலிருந்து வந்தவர் என்று நானும் கேட்டதுண்டு. அக்கேள்வி இப்போது என்னை உறுத்துகிறது.