12,000 உரு: ஸ்ரீமந் நாதமுநிகள்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பணி ஓய்வுக்குப் பின் அடியேனுக்கு உறக்கம் குறைந்தது. நாள்தோறும் சிறிது நேரம் மந்த்ர ஜபம் செய்தால் மனம் அடங்கும் என்று பெரியோர் சொன்னார்கள். செய்தேன், அமைதி வந்தது. அதோடு நின்றுவிடலாமா என்று ஐயம் எழுந்தபோது நினைவுக்கு வந்தவர் ஸ்ரீமந் நாதமுநிகள்.

ஆனி அனுஷத்தில், வீரநாராயணபுரமாகிய காட்டுமன்னார்கோயிலில், ஈச்வரபட்டரின் திருக்குமாரராய் அவதரித்த இவர், யோகத்தில் கரை கண்டவர். மன்னனார் ஸந்நிதிக்கு மேல்நாட்டிலிருந்து வந்த ஸ்ரீவைஷ்ணவர்கள், குடந்தை ஆராவமுதன் விஷயமான திருவாய்மொழிப் பதிகத்தைப் பாடினார்கள். ஓராயிரத்துள் இப்பத்தும் என்பதை அதன் முடிவில் கேட்டவர், மற்றவை எங்கே என்று வினவினார். அவர்கள் அறிந்திலர். திருக்குடந்தைக்கும், பின் திருக்குருகூருக்கும் எழுந்தருளினார். அங்கே மதுரகவிகளின் வழிவந்த பராங்குசதாஸர், ஆழ்வார் திருமுன்பே கண்ணிநுண்சிறுத்தாம்பை 12,000 உரு அநுஸந்திக்கும்படி உபதேசித்தார்.

வங்கிக் கணக்கில் பழகிய அடியேனின் மனம் இதையும் கணக்கிட்டது. 11 பாசுரங்களுக்கு 5 நிமிஷம் என்று கொண்டாலும், முழுவதற்கும் 1,000 மணி நேரம்! நாதமுநிகளோ திருப்புளியடியில் யோகத்தில் அமர்ந்து, ஆழ்வாரையே நெஞ்சில் நிறுத்தி அதை நிறைவேற்றினார். ஆழ்வாரும் உகந்து, நாலாயிரத்தையும் பொருளோடு அருளினார். பெற்றதைத் தம்மளவில் வைத்துக்கொள்ளாமல், மருமக்களான கீழையகத்தாழ்வானையும் மேலையகத்தாழ்வானையும் கொண்டு இசைகூட்டி உலகுக்கு அளித்தார்.

அவருடைய சிஷ்யர்களுள் குருகைக்காவலப்பன் யோகத்தைப் பெற்றார். உய்யக்கொண்டாரோ, ஸம்ஸாரிகள் துயரில் கிடக்கத் தாம் மட்டும் யோகஸுகம் அநுபவிப்பது, இழவு விழுந்த வீட்டில் கல்யாணம் நடத்துவதை ஒக்கும் என்று விண்ணப்பித்து, அருளிச்செயலைப் பரப்பும் கைங்கர்யத்தையே ஏற்றார். நாதமுநிகள் மிக உகந்தார்.

நாதமுநிகளின் திருப்பேரனாரான ஆளவந்தார் யோகரஹஸ்யத்தைப் பெறுவதற்குக் குருகைக்காவலப்பன் ஒரு நாள் குறித்துக் கொடுத்திருந்தார். ஆளவந்தார் திருவனந்தபுரத்தில் இருக்கையிலேயே அந்நாள் வந்து கழிந்தது. அந்த ரஹஸ்யமும் மறைந்தது. எல்லார்க்கும் கொடுக்கப்பட்ட நாலாயிரமோ இன்றும் திவ்யதேசங்கள் தோறும் ஒலிக்கிறது.

ஜபத்தால் வரும் மன அமைதி சிறிய பேறன்று. நாதமுநிகளும் கடைசிவரை யோகத்தைக் கைவிடவில்லை. ஆயினும் அவர் 12,000 உருச் செய்து பெற்றது நம் செவிவரை வந்து சேர்ந்தது, அவர் அதைப் பகிர்ந்ததனால் அன்றோ? அடியேன் இப்போது மாலையில் கண்ணிநுண்சிறுத்தாம்பை அநுஸந்தித்தபின், பேரக்குழந்தைக்கு ஒரு பாசுரம் சொல்லிவைக்கிறேன். அதன்பின் உறக்கமும் நன்றாகவே வருகிறது.

நாதமுநிகள் திருவடிகளே சரணம்.