துபாசியின் ஏடும் அடையாற்றுப் பாடமும்

அடையாற்றின் மேலுள்ள திரு.வி.க. பாலத்தை நாள்தோறும் ஆயிரமாயிரம் தொழிலாளத் தோழர்கள் கடக்கிறார்கள். கொத்தனாரும் சித்தாளும், பேருந்து ஓட்டுநரும் நடத்துநரும், வீட்டு வேலைக்குப் போகும் தாய்மாரும் கடக்கிறார்கள். இந்த ஆற்றங்கரையிலேதான் 1746-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் இந்திய நாட்டின் தலைவிதி திசை மாறியது என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவார்? அறியாதது அவர்கள் குற்றமன்று. அறிவிக்க வேண்டியவர்கள் அறிவிக்கவில்லை! ஆகவே, அந்தக் காலத்தைக் கண்ணாரக் கண்டு ஏட்டில் எழுதி வைத்த தமிழர் ஒருவரின் வாழ்க்கையை இன்று நாம் சொல்ல விரும்புகிறோம். அவர்தாம் ஆனந்தரங்கப் பிள்ளை.

1709-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர் அவர். தந்தை திருவேங்கடம் பிள்ளை வணிகர். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியாரின் தலைமைத் துபாசியாக இருந்த நைனியப்ப பிள்ளை, திருவேங்கடத்தின் மைத்துனர். அந்த உறவுதான் குடும்பத்தைப் புதுச்சேரிக்கு அழைத்துச் சென்றது.

துபாசி என்றால் யார்? இரண்டு மொழி தெரிந்தவர். வெள்ளையனுக்கு நம் மொழி தெரியாது. நம் மக்களுக்கு அவன் மொழி தெரியாது. நடுவில் நின்று பேசி, நெசவாளியிடம் துணி வாங்கித் தந்து, கடன் கொடுத்து, கடன் வசூலித்து, தரகு பெற்றவர் துபாசி. தறியில் குனிந்தவன் முதுகு நிமிரவில்லை. நடுவில் நின்றவர் வீடு மாளிகையாயிற்று!

ஆயினும் அந்த மாளிகைக்கு அடித்தளம் எது? வெள்ளைக் கவர்னரின் முகத்திலே தோன்றும் புன்னகை! அது மறைந்தால் மாளிகையும் மறையும். நைனியப்ப பிள்ளையின் கதி அதற்குச் சான்று. 1716-இல் கவர்னர் எபேர் அவரைச் சிறையில் தள்ளினார். சொத்துகள் பறிக்கப்பட்டன. சவுக்கடி கொடுக்கப்பட்டது. 1717-இல் சிறையிலேயே அவர் மாண்டார். தீர்ப்பு தவறென்று பின்னர் பிரான்சிலே முடிவாயிற்று. மாண்டவர் மீண்டு வந்தாரா?

இதைச் சிறு வயதிலேயே கண்டவர் ஆனந்தரங்கர். கண்டும் அதே பாதையில் நடந்தார். பரங்கிப்பேட்டையில் கும்பினிப் பண்டகசாலையைக் கவனித்தார். பாக்கு முதல் துணி வரை வாணிகம் செய்தார். ஆனந்தப்புரவி என்னும் கப்பலுக்கு உரிமையாளர் ஆனார். கவர்னர் டூப்ளேயின் நம்பிக்கையைப் பெற்றார். தலைமைத் துபாசி கனகராய முதலியார் 1746-இல் இறந்த பின்னர் அந்தப் பதவி இவரை வந்தடைந்தது.

ஆனால் பதவியால் அன்று, பேனாவால் நிலைத்தார். 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் தொடங்கி, ஏறத்தாழ 25 ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். பண்டிதர் தமிழில் அன்று, கடைவீதியில் பேசும் தமிழில் எழுதினார். கப்பல் வந்ததையும், கவர்னர் சினந்ததையும், சந்தை விலையையும், ஊர் வம்பையும் எழுதினார். 1743-இல், ஏழை மக்களை ஏமாற்றிப் பிடித்து, வீட்டில் அடைத்து வைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றி விற்ற கொடுமையையும் எழுதினார். அந்த வியாபாரத்திலே நம்மவர் கையும் இருந்தது என்பதை அந்த ஏடே காட்டிக் கொடுக்கிறது.

இனி அடையாற்றுக்கு வருவோம். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் லா பூர்தொன்னே சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். கோட்டையை ஆர்க்காட்டு நவாபு அன்வருதீனுக்குத் தருவதாக டூப்ளே வாக்களித்திருந்தார். வாக்கு காற்றிலே பறந்தது. சினங்கொண்ட நவாபு, தம் மூத்த மகன் மாபூஸ்கானைப் பெரும்படையோடு அனுப்பினார். ஏறத்தாழ 10,000 பேர்! குதிரைகள், பீரங்கிகள், கொடிகள், பல்லக்குகள்! சாந்தோமில் தங்கி, அடையாற்றின் வடகரையில் அந்தப் படை அணிவகுத்தது.

தெற்கேயிருந்து பாரடிஸ் என்பவர் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படையில் 1,000 பேருக்கு மேல் இல்லை. பீரங்கியும் இல்லை. அவர்களிலும் ஏறத்தாழ 700 பேர் நம் நாட்டுச் சிப்பாய்கள்! குண்டு மழையிலே ஆற்றில் இறங்கி நடந்தார்கள். கரையேறியதும் ஒரே குரலுக்கு ஒரே வரிசையாகச் சுட்டார்கள். பின்பு துப்பாக்கி ஈட்டியை நீட்டிப் பாய்ந்தார்கள். நவாபின் படை சிதறிச் சாந்தோம் தெருக்களிலே நெருக்குண்டு ஓடியது.

வென்றது வெள்ளைத் தோலா? இல்லை! வெள்ளையன் பிறவியிலேயே வீரன் என்று பள்ளிக்கூடத்திலே நமக்குச் சொன்னது பொய். ஆற்றைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் நம் நிறத்தவரே. வென்றது பயிற்சி, வென்றது கட்டுப்பாடு, வென்றது ஒருவர் தோளோடு ஒருவர் தோள் சேர்ந்து நின்ற ஒழுங்கு. தோற்றது எது? ஒவ்வொரு குதிரைக்காரனும் தனித்தனியே தன் உயிரையும் தன் குதிரையையும் எண்ணிய கும்பல்! அன்றிலிருந்து, நம் கையில் துப்பாக்கி கொடுத்து நம்மையே அடக்கலாம் என்னும் வித்தையைப் பிரெஞ்சுக்காரர் கற்றனர்; ஆங்கிலேயர் அதை அவர்களிடமிருந்து கற்று, நாடு முழுவதையும் விழுங்கினர்.

வெற்றி பெற்ற தரப்பிலே இருந்த ஆனந்தரங்கருக்குக் கிடைத்தது என்ன? 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, ஊர் மக்களின் வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சு ஆட்சி இடித்துத் தள்ளியது. ஊரார் கதறினர். தலைமைத் துபாசியால் ஒரு கல்லைக்கூடக் காப்பாற்ற இயலவில்லை. கோயில் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு வழக்கு. மக்களின் உடைமையை மக்களைக் கேளாமல் இடிக்கும் ஆட்சியிலே தரகருக்கு மதிப்பு இவ்வளவுதான் என்பதே இங்கு நாம் காண்பது!

1754-இல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். 1763-இல் பாரிசிலே வறுமையில் மாண்டார். 1756-இல் ஆனந்தரங்கரின் பதவியும் போயிற்று. உடல் நலிந்தது. 1761 ஜனவரி 12-ஆம் நாள், ஆங்கிலேயரின் முற்றுகைக்குள் கிடந்த புதுச்சேரியிலே அவர் கண் மூடினார். நான்கே நாளில் நகரம் சரணடைந்தது. அவர் நம்பிய கொடி இறங்கியது.

அவரை நாம் தூற்றவில்லை, தொழவும் இல்லை. அவர் எழுதிய ஏடுகள் 1846-இல் கண்டெடுக்கப்பட்டன. ஆங்கிலத்திலே 12 தொகுதிகளாக 1904 முதல் 1928 வரை வெளிவந்தன. வெள்ளையன் எழுதிய வரலாற்றுக்கு எதிரே வைத்துப் பார்க்க ஒரு தமிழன் எழுதிய சாட்சியம் நம்மிடம் இருப்பது அவரால்தான். அதற்கு நன்றி சொல்வோம். ஆனால் அவர் நடந்த வழி நம் வழியன்று. ஆள்வோனின் புன்னகையை நம்பித் தனியே உயர்ந்தவர், தனியே விழுந்தார்.

அவர் பிறந்த அதே பெரம்பூரில், 1918-ஆம் ஆண்டு, பின்னி ஆலைத் தொழிலாளர் சென்னைத் தொழிலாளர் சங்கமாகத் திரண்டனர். அந்தச் சங்கத்துக்காக உழைத்த திரு.வி.க.வின் பெயரைத்தான் அடையாற்றுப் பாலம் தாங்கி நிற்கிறது. ஆயிரம் பேர் ஒழுங்காக நின்றால் பதினாயிரம் பேரை வெல்லலாம் என்று அந்நியன் இந்த ஆற்றங்கரையிலே காட்டினான். அந்த ஒழுங்கைக் கூலிப்படையாக அல்லாமல், நம் உரிமைப் படையாக அமைத்துக் கொள்வது எப்படி என்று பெரம்பூர்த் தொழிலாளி காட்டினான். சங்கக் கூட்டத்துக்குச் சந்தா கட்டவும் வரவும் சோம்புகின்ற தோழர்கள் இவ்விரண்டையும் எண்ணிப் பார்க்கட்டும்!