வரைபலகையை விட்டு எழுந்தவர்

ரீயூனியன் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு, ஆனா ஹாஸ்டல் மெஸ் சாம்பார் மட்டும் வேண்டாம், அதை ஏற்கெனவே நாலு பேர் எழுதிட்டாங்க என்று மலர்க்குழு நண்பர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் ஆர்க்கிடெக்சர் படித்தவன். ஒரு டிசைன் நிறுவனத்தில் சீனியர் ஆர்க்கிடெக்ட், புராஜெக்ட் மேனேஜர் என்று இரட்டைப் பதவியில் இருபது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். விசிட்டிங் கார்டில்தான் ஆர்க்கிடெக்ட். நிஜத்தில் கடைசிப் பத்து வருஷம் ஒரு கோடு கூடப் போடவில்லை. காண்ட்ராக்டர் பில், சைட் மீட்டிங், கிளையண்டின் மச்சானுக்கு வாஸ்து சமாதானம், இதிலேயே போயிற்று. நீ இன்னும் ஆர்க்கிடெக்ட்தானா என்று மனசு உறுத்தும்போதெல்லாம் எனக்கு ஒருத்தர் ஞாபகம் வருவார். அவர் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

டேனியல் பர்னம் 1846-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே குடும்பம் சிகாகோவுக்கு வந்துவிட்டது. ஹார்வர்ட், யேல் இரண்டின் நுழைவுத் தேர்விலும் கோட் அடித்தார். அப்புறம் நெவாடாவுக்குத் தங்கம் தோண்டப் போனார், கிடைக்கவில்லை. அங்கேயே தேர்தலில் நின்றார், தோற்றார். இருபத்தைந்து வயசில் நம் வீடுகளில் தறுதலை என்று சொல்லும் லட்சணம் அத்தனையும் இருந்தது.

1871-ல் சிகாகோ தீப்பிடித்து எரிந்தது. ஊரையே திரும்பக் கட்ட வேண்டும், ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்களில் ஆள் தேவை. அப்படி ஒரு ஆபீசில்தான் ஜான் ரூட்டைச் சந்தித்தார். 1873-ல் இருவரும் கூட்டாகத் தொழில் தொடங்கினார்கள். ரூட் பிறவிக் கலைஞர், சங்கீதமும் தெரியும், பென்சிலைத் தொட்டால் கட்டடம் வரும். பர்னமுக்கு வேலை பிடிக்க வரும், ஆளைக் கட்டி மேய்க்க வரும், கிளையண்டுக்கு என்ன வேணும் என்று கண்டுபிடிக்க வரும். ஒருத்தர் கை, ஒருத்தர் வாய் என்று சொல்லலாம்.

சிகாகோ மண் களிமண். நம்ம வேளச்சேரியில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் புரியும். 1882-ல் மான்டாக் என்ற பத்து மாடிக் கட்டடத்துக்கு ரூட் ரயில் தண்டவாளங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கான்கிரீட்டில் புதைத்து, தெப்பம் மாதிரி ஒரு அஸ்திவாரம் போட்டார். அதற்குப் பிறகு ரூக்கரி, 1891-ல் பதினாறு மாடி மொனாட்னாக். இந்த மொனாட்னாக்கின் வெளிச்சுவர் பாரம் தாங்கும் செங்கல் சுவர். அடியில் சுவர் கனம் ஆறு அடி! இன்றும் நிற்கிறது.

அமெரிக்காவைக் கொலம்பஸ் அடைந்த 400-வது ஆண்டுக்கான உலகப் பொருட்காட்சி சிகாகோவுக்குக் கிடைத்தது. தலைமைப் பொறுப்பு பர்னமுக்கு, வடிவமைப்பு ரூட்டுக்கு. கிழக்கு மாநிலங்களிலிருந்து பெரிய ஆர்க்கிடெக்டுகளை எல்லாம் வரவழைத்திருந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்த அதே வாரம் ரூட்டுக்கு நிமோனியா. 1891 ஜனவரி 15-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். வயசு 41.

இங்கேதான் நான் எப்பவும் நின்றுவிடுவேன். வரைகிற கை போய்விட்டது. காட்சித் திடலோ ஏரிக்கரையில் அறுநூறு ஏக்கருக்கு மேல் மணலும் சதுப்பும். திறப்பு விழாவுக்கு இரண்டே கால் வருஷம்தான். பர்னம் தானே பென்சிலை எடுத்து ரூட் ஆகப் பார்க்கவில்லை. தன்னால் எது முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கட்டடங்களை ஹன்ட், மெக்கிம், போஸ்ட், சல்லிவன் என்று பிரித்துக் கொடுத்தார். தன் ஆபீசில் ரூட் இடத்துக்கு சார்லஸ் ஆட்வுட்டைக் கொண்டுவந்தார். பெரிய மண்டபங்களுக்கெல்லாம் கார்னிஸ் உயரம் ஒன்றே, அறுபது அடி, என்று முடிவாயிற்று. தோட்டமும் நீர்நிலையும் ஓம்ஸ்டெட் பார்த்துக்கொண்டார். பர்னம் சைட்டிலேயே மரத்தில் ஒரு குடில் போட்டுத் தங்கிவிட்டார்.

போஸ்ட் வரைந்த ஒரு கூடம் மட்டும் 1,687 அடி நீளம், 787 அடி அகலம். இரும்புச் சட்டத்தின் மேல் பிளாஸ்டரும் நாரும் கலந்த பூச்சு. எல்லாவற்றுக்கும் வெள்ளை அடிப்பது என்று முடிவு செய்தார். அதில் வண்ணப் பொறுப்பாளர் கோபித்துக்கொண்டு போக, ஓவியர் ஃபிராங்க் மில்லெட் வந்தார். பிரஷ்ஷால் அடித்தால் முடியாது என்று குழாயில் காற்றழுத்தம் கொடுத்துப் பீய்ச்சி அடித்தார்கள். இன்று நம்ம சைட்டில் ஸ்பிரே பெயிண்ட் அடிக்கிறோமே, அதற்கு இவர்கள் முன்னோடிகள். அந்த வேகத்துக்கு விலையும் உண்டு. வேலை நடக்கும்போதே தொழிலாளர் பலர் இறந்தார்கள். காட்சியைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

1893 மே 1-ல் திறந்தது. ஆறு மாசத்தில் இரண்டே முக்கால் கோடி வருகை. திருவல்லிக்கேணி அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் சென்னையில் வீடு வீடாய்ப் பணம் திரட்டி அனுப்பிய விவேகானந்தர் கலந்துகொண்டாரே சர்வசமய மாநாடு, அது இந்தப் பொருட்காட்சியை ஒட்டி நகருக்குள் நடந்ததுதான். அவர் ஜூலையிலேயே வந்து காட்சியையும் சுற்றிப் பார்த்தார்.

அடுத்த வருஷம் ஹார்வர்டும் யேலும் பர்னமைக் கூப்பிட்டு கௌரவப் பட்டம் கொடுத்தன. என்ட்ரன்ஸில் வெளியே அனுப்பிய அதே இரண்டு பேர்தான்! நம்ம பேட்ச்சில் அரியர்ஸ் வைத்தவர்கள் இந்தப் பாராவைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

எல்லாரும் கைதட்டவில்லை. அந்த ரோமானியத் தூண்கள் அமெரிக்கக் கட்டடக் கலையைப் பல பத்தாண்டு பின்னுக்கு இழுத்தன என்று சல்லிவன் பிற்பாடு எழுதினார். எனக்கும் அதில் பாதி சம்மதம். ரூட் இருந்திருந்தால் அத்தனையும் ஒரே வெள்ளையாக இருந்திருக்காது. இளைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டைத் தன் செலவில் பாரிசுக்கும் ரோமுக்கும் படிக்க அனுப்புகிறேன் என்றார் பர்னம். பையன் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதுவும் சரிதான்!

பிறகு அவர் நடத்திய நிறுவனம் அந்தக் காலத்தில் உலகிலேயே பெரியவற்றில் ஒன்று. நியூயார்க்கின் முக்கோண ஃபிளாட்அயர்ன் (1902), வாஷிங்டனின் யூனியன் ஸ்டேஷன் (1907) எல்லாம் பர்னம் பெயரில்தான் வழங்குகின்றன. வரைந்தவர்கள் முறையே டிங்கல்பெர்க், ஆண்டர்சன். பெயர் முதலாளிக்கு, கண் எரிச்சல் டிராயிங் ஹாலுக்கு. நாம் எல்லாருமே அந்த இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறோம், இல்லையா?

ஊர்களையே வரையும் வேலையும் வந்தது. வாஷிங்டன், சான்பிரான்சிஸ்கோ, மணிலா, பாகியோ. 1909-ல் எட்வர்ட் பென்னட்டோடு சேர்ந்து சிகாகோவுக்குத் திட்டம் போட்டார். தன் உழைப்புக்குப் பைசா வாங்கவில்லை. ஏரிக்கரை ஊர் ஜனங்களுக்கே என்பது அதன் உயிர்நாடி. அந்தத் திட்டத்தை விளக்கும் பாடப் புத்தகம் கூட அங்கே பள்ளிகளில் நடத்தினார்கள்.

1912 ஏப்ரலில் உடம்பு முடியாத நிலையில் ஒலிம்பிக் கப்பலில் ஐரோப்பா போய்க்கொண்டிருந்தார். எதிர்த்திசையில் வரும் கப்பலில் மில்லெட் இருக்கிறார் என்று தந்தி கொடுக்கப் பார்த்தார். தந்தி போகவில்லை. அந்தக் கப்பல் டைட்டானிக். நண்பர் மூழ்கினார். இவர் ஜூன் 1-ல் ஹைடல்பர்கில் இறந்தார்.

மகன் சிகாகோவில் இருப்பதால் கிரேஸ்லேண்ட் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு தடவை போனேன். நடுவில் ஒரு குளம், குளத்தில் சின்னத் தீவு, சின்னப் பாலம். ஒரு பாறையில் பர்னம் பெயர். அதே தோட்டத்தில் தள்ளி ரூட்டுக்கு ஒரு கல் சிலுவை. இரண்டையும் பார்த்தேன். பையில் எப்பவும் வைத்திருக்கிற பென்சிலை எடுத்து, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் அந்தப் பாலத்தை வரைய ஆரம்பித்தேன். கை கொஞ்சம் நடுங்கியது. தாத்தா குளிருது என்று பேரன் பிடுங்கி எடுத்தான். கைப்பிடி வரைக்கும்தான் வந்தது.