சிங்கனின் கண்ணும் கவிராயரின் நிலமும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரத்தைச் சேர்ந்தவர் திரிகூட ராசப்பக் கவிராயர். குற்றாலநாதர் கோயிலின் வித்துவானாக விளங்கி, தலபுராணம், உலா, பிள்ளைத்தமிழ், அந்தாதி என 14 நூல்கள் இயற்றினார். அவற்றுள் மக்களிடம் பரவியது ஒன்றே: திருக்குற்றாலக் குறவஞ்சி.

குறவஞ்சி என்றதும் பந்தடிக்கும் வசந்தவல்லியும் மலைவளம் கூறும் குறத்தியுமே நினைவுக்கு வருகின்றனர். பாடநூல்கள் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. கவிராயர் எத்தகையவர் என்றறிய நான் நாடுவதோ, பிற்பகுதியில் வரும் பறவை பிடிக்கும் சிங்கனை.

சிங்கன் மரத்தில் ஏறிப் பறவைகளின் வரவைப் பார்க்கிறான். கண்ணி கொண்டுவரத் துணைவனை ஏவுகிறான். வேட்டையில் வழிகாட்டுபவனுக்குக் கண்தான் முதல். கொக்கு கழுத்தை மடக்கிப் பறக்கும். செங்கால் நாரை நீட்டிப் பறக்கும். தொலைவில் புள்ளியாகத் தெரியும்போதே இதைப் பிரித்தறிந்து, கூட்டம் எங்கே இறங்கும் என்று சொல்பவனை நம்பித்தான் கண்ணி வைக்க முடியும். பறவைகள் வருவதும், இறங்குவதும், மேய்வதும் எனச் சிங்கனின் பார்வை படிப்படியாக நெருங்கிவருகிறது. மயில், மாடப்புறா, கூழைக்கடா என்று இனம் சொன்னவன், அடுத்து அவை மேயும் வயல்களைப் பெயர் பெயராகச் சொல்கிறான். அறம் செய்த கொடையாளர்களும் அவன் பாட்டில் இடம்பெறுகின்றனர்.

கோயிலைச் சார்ந்து வாழ்ந்த புலவருக்கு அந்த நிலங்கள் தெரிந்திருந்ததில் வியப்பில்லை. அந்த அறிவை ஊர்ப் பெரியவர் ஒருவர் வாயில் வைக்காமல், ஒரு காணி நிலமும் இல்லாத குறவனின் கண்ணில் வைத்தாரே, அதுதான் எனக்கு அவர்மீது மதிப்பைக் கூட்டுகிறது. அந்தக் கண்ணும் பிசகும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. பிரிந்துபோன சிங்கியின் நினைவில் சிங்கன் மூழ்க, பறவைகள் பறந்துவிடுகின்றன. வேட்டைக்காரனைக் கேலிப் பாத்திரமாக மட்டும் பார்த்தவரால் இந்த இடத்தை எழுதியிருக்க முடியாது.

மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர், நூலைப் பாராட்டிக் கவிராயருக்கு நிலம் வழங்கினார். அதற்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். சிங்கன் பார்த்துச் சொன்ன வயல்களுக்காகப் புலவருக்கு ஒரு வயல் கிடைத்தது.

சிங்கனின் இனத்தாருக்குக் கிடைத்தது வேறு. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தபின், குறவர் பிரிவுகள் பலவும் அதன் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஊர் ஊராகத் திரிந்து வாழ்ந்தவர்கள் காவல் நிலையத்தில் வருகையைப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. சென்னையில் கலாக்ஷேத்ரா குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றிய 1944-இலும் அச்சட்டம் நடைமுறையில்தான் இருந்தது. மாகாணத்தில் அது நீக்கப்பட்டது 1947-இல்.