கொல்லைப்புறத்தில் ஒரு காடு: 46 வருஷம் பத்தி எழுதிய மா. கிருஷ்ணன் யார்?

பங்குனிப் பொங்கல் முடிந்தாச்சு. பரீட்சை லீவு நெருங்குது. சிவகாசியை ஒட்டியிருக்கும் விஸ்வநத்தத்தில் விடிகாலை பட்டாசு ஆலை வேன் வருவதற்கு முன்னாடியே, தெருமுனை வேப்பமரத்தில் குயில் கூவ ஆரம்பித்துவிடுகிறது. அந்த நேரத்தில் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு வேறு. லீவுக்கு முதுமலையா, தேக்கடியா? ரூம் கிடைக்குமா? ஜீப் சஃபாரிக்கு எவ்வளவு?

காட்டுயிர் பார்க்க வேண்டும் என்றால் பெட்டி கட்டி எங்கேயாவது போயாக வேண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். வீட்டுக் கொல்லையிலும் தெருவோரத்திலும் இருப்பதும் காட்டுயிர்தான் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் ஒரு தமிழர். மாதவையா கிருஷ்ணன், சுருக்கமாக மா. கிருஷ்ணன்.

யார் இவர்?

1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தவர். அப்பா, 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா. தமிழின் ஆரம்பகால நாவலாசிரியர்களில் ஒருவர். அவருக்கு எட்டுப் பிள்ளைகள். கடைக்குட்டி கிருஷ்ணன்.

குடும்பம் சென்னை மயிலாப்பூரில் குடியேறியது. இன்றைய மயிலாப்பூரை மனசில் வைத்துப் பார்த்தால் நம்ப முடியாது. அப்போது அங்கே புதர்க்காடு இருந்தது, நரி இருந்தது, வெளிமான்கூட இருந்தது. பையன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான். காட்டைப் பார்க்க அவன் ரயில் ஏற வேண்டியிருக்கவில்லை.

உப்புத் துறையில் அரசு வேலை பார்த்த மாதவையா, முழுநேரம் எழுத வேண்டும் என்று அதை விட்டு வந்தவர். 1925-ல் சென்னைப் பல்கலைக்கழகக் கூட்டத்தில் தமிழுக்காகப் பேசிக்கொண்டிருந்தபோது அங்கேயே சரிந்து விழுந்து இறந்தார். கிருஷ்ணனுக்கு அப்போது வயசு 13.

படிப்பு, வேலை, சந்தூர்

மாநிலக் கல்லூரியில் படித்தபோது கிருஷ்ணனை இழுத்தது தாவரவியல். அங்கே பேராசிரியராக இருந்த ஃபைசன், தென்னிந்திய மலைத் தாவரங்களை ஆராய்ந்து புத்தகம் எழுதியவர். அவரோடு நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் சுற்றினார். பேராசிரியரின் மனைவியிடம் வாட்டர்கலர் ஓவியம் கற்றுக்கொண்டார். முதுகலைப் பட்டமும் சட்டப் பட்டமும் வாங்கினார். ஆனாலும் நிலையான வேலை சுலபத்தில் அமையவில்லை.

1942-ல் பெல்லாரி பக்கம் இருந்த சந்தூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, மகாராஜாவின் செயலாளர் என்று பல பொறுப்புகள். ஓய்வு நேரம் முழுக்க வெளியில்தான். ஆடு மேய்த்துப் பார்த்தார். தபால் கொண்டுபோக முடியுமா என்று புறா வளர்த்துப் பார்த்தார். கவனித்ததை எல்லாம் எழுதினார்.

நாடு விடுதலை அடைந்த பிறகு சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தன. சந்தூரும் இணைந்தது, அந்த வேலையும் போனது. கிருஷ்ணன் முன்னால் இரண்டு வழி இருந்தது: இன்னொரு சம்பள வேலை தேடலாம், அல்லது எழுத்தையும் கேமராவையும் நம்பிப் பிழைக்கலாம். அவர் சென்னைக்குத் திரும்பி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். இன்றைக்கு 'ஃப்ரீலான்ஸர்' என்று பயோவில் போட்டுக்கொள்வது சாதாரணம். 1950-ல், கல்யாணமாகிக் குடும்பம் இருந்த ஒருவர் இயற்கையைப் பற்றி எழுதியே வாழ்ந்துவிடலாம் என்று இறங்குவது சின்ன ரிஸ்க் இல்லை.

46 வருஷம், ஒரே பத்தி

1950-ல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்' பத்தி தொடங்கியது. இரண்டு வாரத்துக்கு ஒன்று. கூடவே அவரே வரைந்த படங்களும் வரும். யானை, காட்டெருது மட்டும் இல்லை, காக்கா, அணில், பல்லி, ஆந்தை என்று நாம் கண்டுகொள்ளாத உயிர்களுக்கும் அதில் இடம் இருந்தது. 1996 பிப்ரவரி 18 அன்று அவர் இறந்தார். அன்றைய ஸ்டேட்ஸ்மன் இதழிலும் அவர் பத்தி வந்திருந்தது. அதுதான் கடைசி.

தமிழிலும் நிறைய எழுதினார். அந்தக் கட்டுரைகளைச் சூழலியல் எழுத்தாளர் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாக்கினார். 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவலும் கிருஷ்ணன் எழுதியிருக்கிறார்!

கேமராவும் காடும்

அவர் எடுத்த படங்கள் கறுப்பு வெள்ளை. பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே ஒரு கேமரா பொருத்தி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். அதைச் சுமந்துகொண்டு நடந்தும் யானை மேல் ஏறியும் படம் எடுத்தார்.

1968-ல் ஜவாஹர்லால் நேரு ஃபெலோஷிப் கிடைத்தது. தென்னிந்தியாவின் பாலூட்டிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று காடு காடாகப் போய் ஆய்வு செய்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. இந்திய வனவிலங்கு வாரியத்தில் உறுப்பினராக இருந்தார். பத்மஸ்ரீயும் வந்தது.

அவர் சண்டை எதற்காக?

ஒரு நாட்டின் அடையாளம் அதன் மொழி, கோயில், கலையில் மட்டும் இல்லை, அதன் மரம் செடி கொடியிலும் உயிர்களிலும் இருக்கிறது என்பது கிருஷ்ணனின் வாதம். அழகுக்காக வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து சாலையோரம் நடுவதைக் கடுமையாக எதிர்த்தார். புங்கன், பூவரசு, வேம்பு இருக்கும்போது எதற்கு இறக்குமதி? இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்காத மனுஷன் என்று பெயர் எடுத்தார்.

விருதுநகர் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கண்மாய்க்குள்ளும் தரிசு நிலத்திலும் சீமைக்கருவேலம் எப்படி மண்டிக்கிடக்கிறது என்று தினமும் பார்க்கிறோம். அது இந்த ஊர் மரம் இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. விறகுக்கு ஆகும் என்று கொண்டுவந்தது, இன்று பிடுங்கி மாளவில்லை.

இன்னொன்று, பெயர். ஒரு உயிரின் பெயர் தெரியாதவருக்கு அது காணாமல் போனதும் தெரியாது. நம்மில் எத்தனை பேருக்கு சிங்கத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் தெரியும், பஞ்சுருட்டானைத் தெரியாது?

இந்த இளவேனிலில் என்ன செய்யலாம்?

சிவகாசியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்தான். 1988-ல் அங்கே சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் அறிவித்தார்கள். 2021-ல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. வனத்துறை அனுமதிக்கும் இடங்களுக்கு ஒருநாள் போய் வரலாம். மற்ற நாட்களுக்கு கிருஷ்ணன் வழி இருக்கிறது. செலவு ஒரு நோட்டும் பேனாவும்தான்.

- காலை 6 முதல் 7.30 வரை: வெயில் ஏறுவதற்குள் ஒரே மரத்தடியில் அரை மணி நேரம் உட்காருங்கள். தினமும் அதே இடம்.
- குயில்: பளபளக்கும் கறுப்பு, சிவப்புக் கண் என்றால் ஆண். உரக்கக் கூவுவதும் அதுதான். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு பழுப்பாக இருப்பது பெண். பக்கத்தில் காக்கா கூடு கட்டுகிறதா பாருங்கள், குயில் முட்டையிடுவது அதில்தான்.
- கரன்ட் கம்பி: பச்சை நிறத்தில், வாலில் ஊசி போல நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பஞ்சுருட்டான். கறுப்பாக, வால் இரண்டாகப் பிரிந்திருந்தால் கரிச்சான்.
- வற்றும் கண்மாய்: மிச்சமிருக்கும் தண்ணீரைச் சுற்றி கொக்கும் நெடுங்கால் உள்ளானும் நிற்கும். தள்ளி நின்று பாருங்கள்.
- பொழுது சாயும்போது: பனைமரத்தைச் சுற்றி வேகமாக வட்டமடிப்பது பனை உழவாரன். ஓலையின் அடியில் கூடு வைத்திருக்கும்.

பார்த்த தேதி, இடம், பறவை என்ன செய்தது, மூன்றையும் எழுதுங்கள். வரையத் தெரியாவிட்டாலும் கிறுக்குங்கள். கூட்டைத் தொடவோ, கிட்டே போய் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கவோ வேண்டாம். பட்டாசு ஆலை வளாகங்களை ஒட்டிச் சுற்றவும் வேண்டாம்.

முதல் வாரம் நோட்டில் காக்காவும் மைனாவும் மட்டும்தான் இருக்கும். பரவாயில்லை. காக்காவைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுத விஷயம் இருந்தது கிருஷ்ணனுக்கு.