கல்லுக்கும் திசை உண்டு!

எங்கப்பா கல் குவாரியில் வேலை பார்க்கிறவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கருங்கல்லைத் தடவிப் பார்த்தே, எந்தப் பக்கம் உளி வச்சா நேரா பிளக்கும்னு சொல்லிடுவார். இங்கே சேரும்போது, படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் கல்லுடைப்பு என்று எழுத வெட்கப்பட்டு, கூலி என்று எழுதினேன். அந்த வெட்கத்தைப் போக்கியவர் கே.எஸ்.கிருஷ்ணன்.

1898 டிசம்பர் 4-ல், இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். பிறகு கல்கத்தா போய் சர் சி.வி.ராமனிடம் சேர்ந்தார். 1928-ல் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டபோது கூடவே நின்று உழைத்தவர் இவர்தான். 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. அதற்குள் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் வேறொரு வேலையில் இறங்கியிருந்தார்.

அது என்ன வேலை? ஒரு சின்னப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தப் புலத்தின் நடுவே தொங்கவிட்டார். இழையின் மேல்முனையை மெதுவாகத் திருகினால், காந்தம் படிகத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு கோணம் தாண்டியதும் படிகம் சட்டென்று சுழன்றுவிடும். அந்தக் கோணத்தை வைத்தே, படிகத்தின் காந்த ஏற்புத்திறன் திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிட்டார். உபகரணம் எளிமை, விடையோ துல்லியம்!

1940-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார். 1954-ல் பத்மபூஷண் பெற்றார். தமிழிலும் அறிவியல் எழுதினார். 1961-ல் மறைந்தார்.

அவர் அளந்தது படிகத்தை. பாறையிலும் இதே குணம் உண்டு. பூமிக்குள் பாறை நசுங்கி நீளும்போது, அதிலுள்ள மேக்னடைட் போன்ற தாதுத் துகள்கள் ஒரு திசையில் வரிசைப்படும். அதனால் காந்த ஏற்புத்திறனும் திசைக்குத் திசை மாறும். பாறையின் அமைப்பை அறிய இதைப் பயன்படுத்தலாம் என்று 1954-ல் ஜான் கிரஹாம் எடுத்துச் சொன்னார். இன்று புவியியலாளர்கள் சின்னக் கல் துண்டை அளந்தே, அது எந்தத் திசையில் நசுங்கியது என்று கண்டுபிடிக்கிறார்கள். நாம் பாடத்தில் படிக்கிற அதே ஸ்ட்ரெயின்தான்! ஆனால் எவ்வளவு நசுங்கியது என்று சொல்வது அவ்வளவு லேசில்லை. கல்லில் என்ன தாது, எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தும் அளவு மாறும்.

நம் குமரி மாவட்டத்துப் பாறைகளும் ஆழத்தில் வெந்து நசுங்கி வந்தவைதான். கல்லுக்குத் திசை உண்டென்று அப்பாவின் கை அறியும். அதை எண்ணால் அளக்கும் படிப்பை நான் படிக்க வேண்டும். அடுத்த படிவத்தில் கல்லுடைப்பு என்றே எழுதுவேன், நண்பர்களே!